கவுண்டிப் பொருளாளர் தேர்தல்: இருவருமே ‘நிதிப் பொறுப்பு’ என்கிறார்கள், யாருக்குப் போடுவது?

புதுவாக்காளர்

போன ஆண்டுதான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. இது முதல் ஓட்டு. கலிஃபோர்னியாவில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நேற்று அதன் உறைமேல் ரசம்கூடச் சிந்திவிட்டது. மேலே இருக்கும் பெரிய பதவிகளுக்கெல்லாம் எனக்கும் ஏதோ ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. ‘கவுண்டிப் பொருளாளர்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி.)

இரண்டு பேர் நிற்கிறார்கள். கவுண்டிப் பதவி என்பதால் சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. பெயருக்குக் கீழே மூன்று சொல்லில் தொழில் மட்டும் இருக்கிறது. ஒருவர் இப்போதைய பொருளாளர், மற்றவர் கணக்குத் தணிக்கையாளர். வாக்காளர் கையேட்டில் ஆளுக்கு 200 சொல்லில் அறிக்கை. இரண்டிலும் ‘நிதிப் பொறுப்பு’, இரண்டிலும் ‘உங்கள் வரிப்பணத்தின் காவலன்’. பெயர்களை மாற்றி அச்சடித்திருந்தால்கூட நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு வித்தியாசம். பதவியில் இருப்பவர், தன் காலத்தில் கவுண்டியின் நிதியம் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளைவிட அதிக வட்டி ஈட்டியது என்கிறார். எதிர்த்து நிற்பவர், அந்த அதிக வட்டியே ஆபத்தின் அடையாளம் என்கிறார். “அதிக வட்டி வாங்கித் தருகிறவருக்கே போடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று கணவர் கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பதவியில் இருப்பவர் உண்மையில் என்னதான் செய்வார்? பட்ஜெட் போடுவாரா?

சும்மா_பார்வையாளர்

அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். மற்ற ஓட்டுகள் செல்லும். நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பழையகுழாய்

விட்டுவிடாதீர்கள் அம்மா. காலியாக விட்டவர்கள் வாழ்ந்த ஊரில் நானும் வாழ்ந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கேள்வி. பொருளாளர் பட்ஜெட் போடுவதில்லை. அது கவுண்டியை நடத்தும் மேற்பார்வையாளர் குழுவின் வேலை. எந்தத் துறைக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். பொருளாளர் காசாளர். பெரும்பாலான கவுண்டிகளில் சொத்து வரி வசூலிப்பவரும் அவரே. டிசம்பரிலும் ஏப்ரலிலும் நீங்கள் காசோலை அனுப்புகிறீர்களே, அது அவர் பெயருக்குத்தான் போகிறது. வந்த பணம் அன்றே செலவாகிவிடாது. பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் தேவைப்படும் வரை அதை எங்காவது போட்டுவைக்க வேண்டும். எங்கே, எவ்வளவு காலத்துக்கு என்பதை முடிவு செய்யும் கை அவருடையது. பள்ளிப் பணத்தைக் கவுண்டிக் கருவூலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நகராட்சிகளும் குடிநீர் மாவட்டங்களும் (குடிநீர் வழங்கும் தனி உள்ளாட்சி அமைப்புகள்) விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம். எல்லாம் ஒரே பானை.

அந்தப் பானை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். 1994, ஆரஞ்சு கவுண்டி. நான் அப்போது அங்கே ஒரு சின்னக் குடிநீர் மாவட்டத்தில் ஒப்பந்தப் பொறியாளன்.

பொருளாளர் பெயர் ராபர்ட் சிட்ரன். 24 ஆண்டுகளாகப் பதவியில் இருந்தவர், 69 வயது. குடியரசுக் கட்சியின் கோட்டை என்று பெயர் எடுத்த கவுண்டியில், கவுண்டி முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவியில் இருந்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர். அதற்குக் காரணம் ஒன்றுதான்: வட்டி. மாநில நிதியம் கொடுத்ததைவிட ஆண்டுதோறும் கூடுதலாகக் கொடுத்தார். நகரசபைக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லும்போது கோவில் அர்ச்சகர் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார்கள்.

1994 ஜூனில் அவரை எதிர்த்து நின்றவர் ஜான் மூர்லாக். 38 வயது, கோஸ்டா மேசா ஊரைச் சேர்ந்த கணக்காளர். அவருடைய பிரசாரம் முழுவதும் ஒரே வாக்கியம்தான்: இந்த மனிதர் உங்கள் பணத்தை வைத்துச் சூதாடுகிறார், வட்டி விகிதம் ஏறினால் எல்லாம் போய்விடும். மேற்பார்வையாளர் குழுவுக்கே கடிதம் எழுதினார். பத்திரிகைகளில் அது அச்சாகவும் ஆயிற்று. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். ஓட்டுக்காகப் பயமுறுத்துகிறான், எங்கள் நிதியத்தின் பெயரைக் கெடுக்கிறான் என்றோம். சிட்ரன் சுலபமாக ஜெயித்தார்.

ஆறு மாதம். டிசம்பர் 1 அன்று நிதியத்துக்கு ஒன்றரை பில்லியன் டாலர் நஷ்டம் என்று அறிவித்தார்கள். 4ஆம் தேதி சிட்ரன் பதவி விலகினார். 6ஆம் தேதி கவுண்டி திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் அதுவரை எந்த உள்ளாட்சியும் அவ்வளவு பெரிதாகத் திவாலானதில்லை.

7ஆம் தேதி காலை எங்கள் அலுவலகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கணக்குப் பார்க்கும் அம்மா, பெரிய மூன்று வரிசைக் காசோலைப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். குளோரின் கொண்டுவந்தவனுக்கு 800 டாலர் சொச்சம் தர வேண்டும். லாரி வாசலில் நிற்கிறது. காசோலை எழுதியாகிவிட்டது, கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. பணம் இருக்கிறதா, இல்லையா, உறைந்துவிட்டதா, யாருக்கும் தெரியவில்லை. லாரிக்காரன் உள்ளே வந்து, “பரவாயில்லை, அடுத்த முறை வாங்கிக்கொள்கிறேன்” என்றான். அந்த அம்மா அழுதுவிட்டார். முந்தின நாள் திவால் செய்தி கேட்டபோதுகூட அவர் அழவில்லை.

அடகுக்கணக்கு

பழையகுழாய் ஐயா, நன்றி. நான் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். புதுவாக்காளர் கேட்டதால் உள்ளே நடந்ததை நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன்.

உங்களிடம் பத்துப் பவுன் நகை இருக்கிறது. அதை அடகு வைத்து வரும் பணத்தில் இன்னொரு நகை வாங்குகிறீர்கள். அதையும் அடகு வைத்து இன்னொன்று. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும்வரை நீங்கள்தான் தெருவிலேயே கெட்டிக்காரி. தங்கம் இறங்கினால் அடகுக்கடைக்காரர் மறுநாளே கூப்பிடுவார்: “நகையின் மதிப்பு குறைந்துவிட்டது, மேற்கொண்டு பணம் கட்டு, இல்லையென்றால் விற்றுவிடுவேன்.”

சிட்ரன் செய்தது இதையே, தங்கத்துக்குப் பதில் கடன் பத்திரங்களை வைத்து. உள்ளாட்சிகள் போட்ட பணம் ஏறத்தாழ 7.5 பில்லியன் டாலர். அதை அடகு வைத்துக் கடன் வாங்கிக் கடன் வாங்கி 20.6 பில்லியனுக்குப் பத்திரம் வைத்திருந்தார். கடன் குறுகிய காலத்துக்கு, சுமார் மூன்று சதவீத வட்டியில். வாங்கிய பத்திரங்கள் சில ஆண்டுகளுக்கு, அதைவிட அதிக வட்டியில். இடைவெளிதான் லாபம். போதாக்குறைக்கு, வட்டி விகிதம் ஏறினால், தான் தரும் வட்டியைக் குறைத்துக்கொள்ளும் தலைகீழ்ப் பத்திரங்களையும் நிறைய வாங்கியிருந்தார். அதாவது ஒரே குதிரைமேல் இரண்டு முறை பந்தயம்.

1994 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் அதுதான் முதல் ஏற்றம். நவம்பருக்குள் ஆறு முறை ஏற்றி, 3 சதவீதத்தை 5.5 ஆக்கிவிட்டது.

இப்போது தோராயமாக ஒரு பெருக்கல். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் பத்திரத்தின் விலை, அது எத்தனை ஆண்டுப் பத்திரமோ ஏறத்தாழ அத்தனை சதவீதம் இறங்கும். இவருடையவை சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த வகைப் பத்திரங்களுக்குச் சந்தையில் ஏற்றம் மூன்று சதவீதம். ஆக எட்டு சதவீத இறக்கம். 20.6 பில்லியனில் எட்டு சதவீதம் எவ்வளவு? 1.65. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது வந்த நஷ்டம் 1.64 பில்லியன்.

இதற்கு நிபுணர் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். அதனால்தான் மூர்லாக்கைத் தீர்க்கதரிசி என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். தேர்தல் நடந்த ஜூன் 7ஆம் தேதிக்குள் வட்டி நான்கு முறை ஏறிவிட்டிருந்தது. வீட்டில் அப்போதே தீப்பிடித்துவிட்டது. புகையைக் காட்டியவனைத்தான் எல்லோரும் வசைபாடினார்கள்.

சும்மா_பார்வையாளர்

எங்கள் ஊரில் சீட்டுக் கம்பெனி ஓடிப்போனதும் இதே மாதிரிதான். என் மாமா 1998இல்…

நெறியாளர்

சீட்டுக் கம்பெனிகளுக்குத் தனி இழை இருக்கிறது, 64 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

அடகுக்கணக்கு

நெறியாளருக்கு ஒரு சொல் மட்டும். அந்த ஒப்பீடு பொருந்தவும் பொருந்தாது. சீட்டுக்காரர் பணத்தோடு ஓடிப்போவார். சிட்ரன் எங்கும் ஓடவில்லை. ஒரு டாலரைக்கூடத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளவும் இல்லை. 1995 ஏப்ரலில் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அவையும் சூதாடியதற்காக அல்ல. மற்ற உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டிய வட்டியைக் கவுண்டியின் கணக்குக்குத் திருப்பியது, பத்திரம் வாங்குவோரிடம் உண்மையை மறைத்தது போன்றவை. பந்தயம் கட்டுவது அப்போது சட்டப்படி குற்றமே இல்லை!

புதுவாக்காளர்

படித்துவிட்டுக் கணவரிடம் அடகுக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, அந்த மேற்பார்வையாளர் குழு என்ன செய்துகொண்டிருந்தது?” என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். ஐந்து பேர் மேலே உட்கார்ந்திருந்தார்களே?

பழையகுழாய்

அவர்கள் அந்த வட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் அம்மா.

1978க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கலிஃபோர்னிய வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டார்கள். கவுண்டிகளின் முக்கிய வருமானம் சுருங்கியது. புது வரி கேட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நேரத்தில் ஒரு பொருளாளர், வரியே இல்லாமல் பணம் வரவழைத்துக் காட்டுகிறார். எப்படி என்று யார் கேட்பார்கள்? 1994-95 பட்ஜெட்டில் கவுண்டி தன் விருப்பப்படி செலவிடக்கூடிய வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த வட்டியிலிருந்தே எதிர்பார்த்திருந்தது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியவர்கள் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பேராசை மேலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில பள்ளி மாவட்டங்கள் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி, அதைக் கொண்டுபோய் சிட்ரனிடம் போட்டன. அர்வைன் பள்ளி மாவட்டமும் அவற்றில் ஒன்று. பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் வாங்கவில்லை. வட்டி வித்தியாசத்தைப் பிடிக்கக் கடன் வாங்கினார்கள்.

பின்னால் வந்த விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. சிட்ரன் வட்டி விகிதம் எப்படிப் போகும் என்று தபால் வழி ஜோதிடரிடமும் குறி சொல்பவரிடமும் கேட்டிருக்கிறார். 20 பில்லியன் டாலர்! நம் ஆட்கள் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் நாள் பார்ப்பதைக் கிண்டல் செய்த என் அமெரிக்க நண்பன் ஒருவன் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

மறுப்பாளன்

இழை முழுவதும் ஒரே பஜனையாக இருக்கிறது. சிக்கனக்காரர் நல்லவர், செலவுக்காரர் கெட்டவர். கொஞ்சம் மறுபக்கத்தையும் பார்ப்போமா?

நான் கலிஃபோர்னியாவில் மருத்துவமனைச் செவிலியர், தொழிற்சங்கத்தில் இருப்பவன். ‘நிதிப் பொறுப்பு’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு யாருடைய வேலை போகப் போகிறது என்றுதான் தோன்றும். ஆரஞ்சு கவுண்டி திவாலான பிறகு என்ன நடந்தது? அரை சென்ட் விற்பனை வரி போட்டுக் குழியை அடைக்கலாம் என்று 1995 ஜூனில் மக்களிடம் கேட்டார்கள். மக்கள் முடியாது என்றார்கள். பிறகு குழியை எதைப் போட்டு மூடினார்கள்? ஆட்குறைப்பு, ஏழைகளுக்கான சேவைகளில் வெட்டு. பஸ்ஸுக்கென்று ஒதுக்கியிருந்த விற்பனை வரியில் ஒரு பங்கை ஆண்டுக்கணக்கில் திருப்பிக் கடனுக்குக் கட்டினார்கள். சொந்தக் கார் இல்லாத வீட்டு வேலைக்காரப் பெண்மணி சாந்தா ஆனா ஊரில் பஸ்ஸுக்காக இன்னும் அரை மணி நேரம் நின்றாள். கவுண்டிக்குக் கடன் கொடுத்த பத்திரதாரர்களுக்கோ ஓராண்டு தாமதத்துக்குப் பின் முழுப் பணமும் கிடைத்தது. பொறுப்பு என்றால் யாருக்குப் பொறுப்பு?

இன்னொன்று. நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் மூர்லாக் அதோடு நிற்கவில்லை. 1995 மார்ச்சில் அவரையே பொருளாளராக நியமித்தார்கள். பிறகு மேற்பார்வையாளர், அதன் பிறகு மாநில செனட்டர். மேற்பார்வையாளராக இருந்தபோது, காவலர்களின் ஓய்வூதிய உயர்வு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2008இல் கவுண்டியை வழக்குப் போட வைத்தார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கவுண்டி தோற்றது. வக்கீல் செலவு மக்கள் தலையில். அது எந்தக் கணக்கில் வரும்?

அடகுக்கணக்கு

செலவைப் பற்றிய சண்டையும் கருவூலத்தைப் பற்றிய சண்டையும் வேறு வேறு, மறுப்பாளன். ஓய்வூதியம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது கொள்கை; அதில் நீங்களும் நானும் எதிரெதிரே நிற்கலாம். இருக்கிற பணத்தை அடகு வைத்து ஆடலாமா என்பதில் இரண்டு பக்கம் கிடையாது. உங்கள் சங்கத்தின் வேலைநிறுத்த நிதியை யாராவது இப்படிப் போட்டால் சும்மா விடுவீர்களா?

மறுப்பாளன்

விடமாட்டேன். ஆனால் வாக்காளருக்கு அந்த இரண்டும் ஒரே சொல்லில்தானே வந்து சேருகிறது? 200 சொல் அறிக்கையில் ‘நிதிப் பொறுப்பு’ என்று எழுதுகிறவர் எந்த அர்த்தத்தில் எழுதுகிறார் என்று எப்படித் தெரியும்? பொருளாளருக்கு ஆட்குறைப்பு செய்யும் அதிகாரமே இல்லை. இருந்தும் அந்தச் சொல்லைப் போட்டு ஓட்டு வாங்கி, அதையே படிக்கட்டாக வைத்து மேலே போய், அங்கிருந்து வெட்டுகிறார்கள். என் சந்தேகம் அதுதான்.

அந்த நஷ்டத்தைப் பற்றியும் ஒரு சங்கதி இருக்கிறது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் விற்றதால்தான் காகித நஷ்டம் நிஜ நஷ்டம் ஆனது என்று சொன்னவர்கள் உண்டு. நோபல் பரிசு பெற்ற மெர்ட்டன் மில்லரே, கவுண்டி திவாலாகியிருக்க வேண்டியதில்லை என்ற கட்சிக்காரர். 1995இல் வட்டி மறுபடி இறங்கியதே!

அடகுக்கணக்கு

இறங்கியது உண்மை. மில்லர் அப்படி வாதாடியதும் உண்மை. ஆனால் டிசம்பரில் அடகுக்கடைக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். கடனைப் புதுப்பிக்க மறுத்து, கையிலிருந்த பத்திரங்களை விற்கத் தொடங்கிவிட்டார்கள். “ஆறு மாதம் பொறுங்கள், தங்கம் ஏறும்” என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அதோடு, ஏறாமல் போயிருந்தால்? சம்பளம் கொடுக்க வேண்டிய பணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று ஆடிப் பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

தர்க்கம் பழசும் இல்லை. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததன் எலும்புக்கூடும் இதுதான். நீண்ட காலப் பத்திரம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வைப்பு, ஏறிய வட்டி. அங்கே அடகு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழ்வேளூர்க்காரி

நான் பார்வையாளராக மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி. இவ்வளவு நுணுக்கமான வேலைக்குத் தேர்தல் எதற்கு? தேர்வு வைத்தோ நேர்முகம் வைத்தோ ஆளை நியமித்துவிடலாமே? நம் ஊரில் மாவட்டக் கருவூல அலுவலரை யாராவது ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுக்கிறோம்?

பழையகுழாய்

நல்ல கேள்வி. பக்கத்திலேயே இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பொருளாளரை மேற்பார்வையாளர் குழுதான் நியமிக்கிறது. நானும் பல வருடம் அதுவே சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. யோசித்துப் பாருங்கள். 1994இல் சிட்ரன் நியமன அதிகாரியாக இருந்திருந்தால் அவரை நியமித்திருக்கக் கூடியவர்கள் அதே ஐந்து பேர். அதே வட்டியைச் சாப்பிட்டவர்கள். மூர்லாக் என்ற கணக்காளர் வாயைத் திறக்க ஒரு மேடையே இருந்திருக்காது. அவர் தோற்றார், சரி. ஆனால் அந்தக் கவுண்டியில் அந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்ட ஒரே இடம் அந்தத் தேர்தல்தான். கேள்வி மேசைக்கு வந்தது. எங்களுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. அந்தக் கணக்காளர் சொல்வதையும் பொருளாளர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரோ ஒருவர் அடகுக்கணக்கு தம்பி மாதிரி ஒரு பெருக்கல் போட்டுக் காட்டியிருந்தால்…

இல்லை, அப்போதும் சிரித்துத்தான் இருப்போம். எங்கள் மாவட்டம் அந்த ஆண்டு புது பம்ப் ஒன்றை அந்த வட்டியில்தான் வாங்கியது. அதன் பெயர்ப்பலகையைத் திறந்து வைத்த படத்தில் நானும் நிற்கிறேன்.

மறுப்பாளன்

ஐயா, நேர்மையாகச் சொன்னீர்கள். போட்ட பணம் உங்கள் மாவட்டத்துக்குத் திரும்பி வந்ததா?

பழையகுழாய்

முதல் சுற்றில் பள்ளிகளுக்கு டாலருக்கு 90 சென்ட், மற்றவர்களுக்கு 80 என்று ஏறத்தாழ ஓர் ஏற்பாடு. நாங்கள் 80. பிறகு கவுண்டி, பத்திரங்களை விற்ற நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டது. 1998இல் மெரில் லின்ச் மட்டும் 400 மில்லியன் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அதிலிருந்தும் கொஞ்சம் வந்தது. கவுண்டி 1996 ஜூனில் திவாலிலிருந்து வெளியே வந்தது. ஆனால் வெளியே வருவதற்காக வாங்கிய கடன் தீர்ந்தது 2017இல். திவாலான ஆண்டில் பிறந்த என் மகள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சிட்ரனுக்கு ஓராண்டு தண்டனை, ஒரு லட்சம் டாலர் அபராதம். சிறைக்குள் இருக்கவில்லை. பகலில் சிறைக் கைதிகளின் தின்பண்டச் சீட்டுகளைச் சரிபார்க்கும் எழுத்தர் வேலை, இரவு வீட்டில் தூக்கம். 2013இல் இறந்தார். அந்தச் சீட்டுகளை ஒரு பிழையில்லாமல் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடகுக்கணக்கு

புதுவாக்காளருக்குப் பயன்படும் ஒரு விஷயம். அந்த விபத்துக்குப் பிறகு கலிஃபோர்னியா சட்டத்தை இறுக்கியது. தலைகீழ்ப் பத்திரங்களுக்குத் தடை. அடகு வைத்துக் கடன் வாங்குவதற்கு நிதியத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. பொதுப் பணத்துக்கு முதலில் பாதுகாப்பு, அடுத்து வேண்டும்போது எடுக்கும் வசதி, கடைசியில்தான் வருமானம் என்ற வரிசையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதனால் இன்னொரு சிட்ரன் வருவது கடினம். ஆனாலும் கேளுங்கள். இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டே கேள்வி: நிதியத்தில் இருக்கும் பத்திரங்களின் சராசரி முதிர்வுக் காலம் என்ன? கடன் வாங்கி முதலீடு செய்திருக்கிறீர்களா, செய்வீர்களா? பதிலைவிட, பதில் வரும் விதத்தைப் பாருங்கள்.

பழையகுழாய்

என் ஓட்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தணிக்கையாளருக்கு. ‘அதிக வட்டி’ என்று பெருமையடிக்கும் பொருளாளரைக் கண்டால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

புதுவாக்காளர்

மின்னஞ்சல் அனுப்பி ஐந்து நாள் ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

தணிக்கையாளரிடமிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. என் ஆதரவுக்கு நன்றி, நிதிப் பொறுப்பு என்பது அவருடைய ரத்தத்தில் ஊறியது, நன்கொடை அளிக்க இங்கே அழுத்தவும். கேள்விகளுக்குப் பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அதே மின்னஞ்சல் மறுபடி வந்தது.

இப்போதைய பொருளாளரின் அலுவலகத்திலிருந்து மூன்றாம் நாள் ஒரு பெண் எழுதினார். தேர்தலைப் பற்றி அவர்கள் அரசு அலுவலகத்திலிருந்து பேசக் கூடாதாம். ஆனால் மாதாந்திர முதலீட்டு அறிக்கை எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லி அதை இணைத்திருந்தார். எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றும் குறித்திருந்தார். 31 பக்கம். நானும் கணவரும் ராத்திரி பத்தரை வரை படித்தோம். கடன் என்ற பத்தியில் பூஜ்யம். சராசரி முதிர்வு ஓராண்டுக்குச் சற்று மேல். பெரும்பாலும் அரசாங்கப் பத்திரங்கள்.

அப்படியானால் பக்கத்துக் கவுண்டிகளைவிட அதிக வட்டி எப்படி வந்தது? அடகுக்கணக்கு அண்ணா, இதில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

அடகுக்கணக்கு

நீங்கள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்தேன். ஒளிந்திருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கவுண்டிகள் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்குள் வைத்திருக்கக் கூடும். இவர்கள் கொஞ்சம் நீளமாக வாங்கியிருக்கிறார்கள். குறுகிய கால வட்டி இறங்கும்போது நீளமாக வாங்கியவருக்கு ஓராண்டுக்குக் கூடுதல் வருமானம் நிற்கும். அது சூதாட்டமும் இல்லை, பெரிய சாமர்த்தியமும் இல்லை. அறிக்கையில் அதைச் சாமர்த்தியம் மாதிரி எழுதியிருக்கிறார், அரசியல்வாதிதானே.

மறுப்பாளன்

பழையகுழாய் ஐயா, கண்ணைத் திறந்துகொள்ளலாமா?

பழையகுழாய்

திறந்துவிட்டேன். 1994இல் எதிர்ப்பவன் சொன்னது சரி என்பதால் எல்லா எதிர்ப்பவனும் மூர்லாக் ஆகிவிடுவானா? சூடு கண்ட பூனை பாலை மட்டுமில்லை, மோரையும் ஊதுகிறது. மன்னியுங்கள் அம்மா. ஆனால் அந்த 20ஆம் பக்கத்தில் ‘மற்றவை’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது என்ன என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிடுங்கள்.

புதுவாக்காளர்

கேட்டேன். மூன்று நகராட்சிகளின் சாக்கடைப் பணிப் பத்திரங்களாம். பட்டியல் அனுப்பியிருக்கிறார்.

சீட்டை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ரசக் கறையோடு நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். யாருக்கு என்று சொல்ல மாட்டேன். கணவர் தன் சீட்டில் யாருக்குப் போட்டார் என்று என்னிடமும் சொல்லவில்லை. 31 பக்கத்தையும் அச்சடித்து வைத்திருக்கிறார்.

சொத்து மதிப்பீட்டாளர் என்று ஒரு பதவிக்கும் இரண்டு பேர் நின்றார்கள். அதைக் காலியாக விட்டுவிட்டேன். அடுத்த முறை அந்தப் பதவி சீட்டில் வந்தால் தனி இழை தொடங்குகிறேன்.

சும்மா_பார்வையாளர்

நான்தான் முதலிலேயே சொன்னேனே.